படத்தில் இல்லாத காட்சி

பிப்ரவரி 3, திங்கள்

கனகசபை சார் இன்று வகுப்பில் படம் போட்டார். "எட்டாம் கிட்டங்கி." எங்கள் சமூகவியல் துறை புரொஜெக்டரில் எல்லோர் முகமும் மஞ்சள் காமாலை வந்த மாதிரிதான் தெரியும். கதாநாயகன் போலீஸ். அவனைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை. வில்லன் பெயர் சூசை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். ஒரு கொப்பரை மூட்டை காணாமல் போகிறது. எடுத்தது கணக்கப்பிள்ளையின் மருமகன், அடி வாங்கியது சூசை. அதற்குப் பிறகு ஊரில் கோழி காணாமல் போனாலும் சூசையைத் தேடித்தான் ஆள் போகிறது. இடைவேளைக்கு அப்புறம் அவன் நிஜமாகவே கத்தி எடுக்கிறான். கடைசியில் உப்பளத்தில் ஓடவிட்டுச் சுடுகிறார்கள். வகுப்பே கைதட்டியது. பெனிட்டா என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விசிலடித்தாள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

இருபதாம் தேதிக்குள் இந்தப் படத்தில் ஒரு கதாபாத்திரத்தை எடுத்து, பிறழ்நடத்தை பற்றிய கோட்பாடு ஒன்றைப் பொருத்தி, பத்துப் பக்கம் எழுதித் தர வேண்டும். சார் விடையையும் அவரே சொல்லிவிட்டார். "சூசைக்கு ஆசை பெருசு, வழி சின்னது. நடுவுல உள்ள இடைவெளிதான் கத்தியா மாறுது. அவ்வளவுதான்."

நான் எழுந்தேன். "சார், மூட்டையை அவன் எடுக்கவே இல்லியே. அவனுக்கு என்ன ஆசைன்னு படத்துல எங்க சார் காட்டுதாங்க?"

"ஆசை இல்லாத மனுசன் உண்டாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது இதில்?

நான் முத்திரைக் கோட்பாட்டை எடுக்கப் போகிறேன். ஒருவன் செய்த காரியத்தால் குற்றவாளி ஆவதில்லை, நாலு பேர் சேர்ந்து குத்துகிற முத்திரையால்தான் ஆகிறான் என்று சொல்லும் கோட்பாடு. சார் அதையும் நடத்தினார். நாம் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் "கேடி" என்ற சொல்கூட வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் பட்டியலில் இருந்து வந்ததுதானாம். கே, டி என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து, "நோன் டெகாய்ட்", போலீஸுக்குத் தெரிந்த கொள்ளைக்காரன் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் கடைசி பெஞ்சில் ஒருத்தரை ஒருத்தர் "ஏய் கேடி" என்று கூப்பிட்டுக் குதித்தார்கள். முதுகலைப் படிப்பு படிக்கிறார்களாம்.

பிப்ரவரி 5, புதன்

"உங்க அண்ணன் துபாய்ல இருந்து எப்பட்டி வாராவ? வரும்போது எனக்கு ஒரு சென்ட் பாட்டில்" என்றாள் பெனிட்டா. தீபாவளிக்கு என்று சொன்னேன். அம்மா வைத்த சாம்பாரில் உப்பு இல்லை. உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள் வீட்டுச் சாம்பாரில் உப்பில்லை என்றால் யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 8, சனி

நல்ல செய்தி. அண்ணனுக்கு நம் ஊர்த் துறைமுகத்துக்குள் டிரெய்லர் ஓட்டும் வேலை சரியாகிவிட்டது. டிரெய்லர் கம்பெனியில் ஓட்டிக் காட்டச் சொன்னார்களாம். ஒரே தடவையில் பின்பக்கமாக எடுத்து, கோடு தொடாமல் நிறுத்தியிருக்கிறான். மேனேஜர் இறங்கி வந்து கை கொடுத்தாராம். சொல்லும்போது அண்ணன் அந்தக் கையைத் தானே பார்த்துக்கொண்டான்.

இனி அடுத்தவர் லோடு ஆட்டோவில் வாழைத்தாரும் கட்டில் பீரோவும் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் துறைமுகத்துக்குள் போகப் பாஸ் வேண்டும். பாஸுக்குப் போலீஸ் சான்று வேண்டும். மார்ச் மூன்றாம் தேதி காலையில் பாஸ் இல்லாமல் போனால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

போலீஸ் சான்று என்றதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார வேண்டும்? அண்ணன் என்ன செய்தான்? பதினெட்டு வயதில் புரோட்டா பார்சல் வாங்கப் போனவன். கடைக்கு எதிரே எவனோ பஸ் கண்ணாடியை உடைத்தான். ஓடினவனெல்லாம் தப்பித்தான். பார்சலுக்காக நின்றவன் மாட்டினான். கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டது. ஆனால் ஸ்டேஷனில் இருக்கும் பட்டியலுக்கு அது போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஒன்பது வருடமாக ஊரில் எந்தத் திருவிழா வந்தாலும், எந்தத் தலைவர் வந்தாலும், முந்தின நாளே என் அண்ணன் லிங்கதுரையைக் கூட்டிப்போய் ஸ்டேஷனில் உட்காரவைப்பார்கள். முன்னெச்சரிக்கையாம்.

இன்று நூலகத்துக்கு லோடு ஆட்டோவில் கொண்டுவிட்டான். எப்போதும்போல் கல்லூரி வாசல்வரை வராமல் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டான். நான் சொல்வதில்லை, அவனாகத்தான் நிறுத்துகிறான். பாலத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்று பக்கம் முடிந்தது. முதல்நிலைப் பிறழ்வு, இரண்டாம்நிலைப் பிறழ்வு. அதாவது முதலில் ஏதோ நடக்கிறது, அல்லது நடக்கவே இல்லை. பிறகு எல்லோரும் திருடன் திருடன் என்கிறார்கள். வேலை தர மறுக்கிறார்கள், பெண் தர மறுக்கிறார்கள். கடைசியில் அவனே சரி போ என்று திருடனாகிவிடுகிறான். சூசைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. கணக்கப்பிள்ளை சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு சூசையைப் பார்க்கும் அந்தப் பார்வையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினேன். அந்த ஆளை நாலு அறை அறையலாம் போல இருந்தது. நடிகர்தான், தெரியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

நாளை மந்திரி வருகிறார். சாயங்காலமே போலீஸ்காரர் ஒருத்தர் வந்துவிட்டார்.

"லிங்கம், ஐயா வரச் சொன்னாவ. நாளைக்கு மத்தியானம் விட்டுருவோம்."

எவ்வளவு மரியாதை! அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் சர்க்கரை கம்மி என்று கேட்டு வாங்கிக் குடித்தார். என் கல்லூரி எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். எனக்கு இந்த மரியாதையைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. அடித்து இழுத்துப் போனாலாவது தெருவில் நின்று கத்தலாம்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பையை எடுத்துக் கொடுத்தேன். கைலி, துண்டு, பிரஷ், கொசுவர்த்தி. கொசுவர்த்தி ஒன்றுதான் மிச்சம் இருந்தது, கடையில் ஒரு டப்பா வாங்கி வைக்க வேண்டும்.

"சான்றுக்கு எழுதிக் குடுத்திருக்கேண்ணே" என்று அண்ணன் போகும்போது அவரிடம் சொன்னான். "பாத்துக்கிடலாம் லிங்கம்" என்றார் அவர். போலீஸ் வேனில் அவனாகவே ஏறிப் பின்கதவை அவனாகவே சாத்திக்கொண்டான்.

பிப்ரவரி 15, சனி

அண்ணன் மூன்று மணிக்கு வந்தான். கை முழுக்கக் கொசு கடித்த தடிப்பு. குளித்துவிட்டு உடனே லோடு ஏற்றப் போய்விட்டான்.

நான்காம் பக்கம் ஒரே மூச்சில் வந்தது. சூசையின் குடும்பம் பற்றிய பகுதி. வீட்டுக் கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்கும் பை, அந்தக் குடும்பமே முத்திரைக்குப் பழகிப்போனதற்குச் சான்று என்று எழுதினேன். இதுவரை எழுதியதில் இதுதான் நல்ல வாக்கியம். சார் மறுக்கவே முடியாது.

பிப்ரவரி 17, திங்கள்

மறப்பதற்குள் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் ஏட்டு ஒருத்தர் சான்று விசாரணைக்கு வந்தார். அண்ணன் வண்டிக்குப் போயிருந்தான். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா பெயர், எத்தனை வருடமாக இந்தக் காலனியில், சொந்த வீடா வாடகையா என்றெல்லாம் கேட்டார். அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பதற்றம். பதற்றம் வந்தால் அம்மா அதிகம் பேசுவாள், சிரித்துச் சிரித்துப் பேசுவாள்.

"பையன் எப்படிம்மா?" என்றார் ஏட்டு.

"லிங்கமா சார்?" அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சின்னப் பிள்ளையிலயே சரியான கேடி சார் அவன்! கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள சட்டியில கெடக்க வடைய எடுத்துட்டு ஓடிருவான். ஆனா தங்கம் சார், தங்கம்."

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "நீங்களே சொல்லுதியளேம்மா" என்றார். எழுதினார்.

நான் உள்ளே இருந்து ஓடி வந்தேன். "சார், எங்கம்மா செல்லமாச் சொல்லுதாவ சார். எல்லா வீட்டுலயும் சொல்லுத வார்த்தைதான?"

"தெரியும் பாப்பா. எங்க வீட்டுலயும் சொல்லுவோம். ஆனா அவன் பேரு ஸ்டேஷன்லயும் இருக்குல்லா? நாளைக்கு எதாவது ஒண்ணுன்னா, தாயே சொல்லியும் நீ ஏம்ல எழுதலன்னு என்னையத்தான் கேப்பாவ."

"வடைன்னும் எழுதிக்கிடுங்க. தங்கம்னும் எழுதிக்கிடுங்க."

"அதுக்கெல்லாம் இதுல எடம் இல்ல."

அவர் போனதும் அம்மாவைப் பிடித்துக் கத்தினேன். காலனிக்கே கேட்டிருக்கும். அம்மா, "நான் என்ன கெட்ட வார்த்தையா சொன்னேன்? உன்னையுந்தான் கேடின்னு கூப்பிட்டு வளத்தேன்" என்றாள்.

"என்னைய நீ கூப்பிட்டா எவனும் எழுதிக்கிட மாட்டான்! அவனைக் கூப்பிட்டா எழுதுவான்! ஒன்பது வருசமா ஒனக்கு இது தெரியாதா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்தாள். அப்போதும் எனக்குக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அண்ணன் சாப்பிட வந்தபோது சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த வடை உளுந்த வடை" என்றான். பிறகு மோர் கேட்டான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அம்மாவோடு பேசவில்லை. ரேஷனில் பாமாயில் வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். பதினான்கு பக்கம். சார் எடை பார்ப்பதுபோல் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "சூசைக்கு வக்கீல் வச்சாக்கூட இவ்வளவு பேசமாட்டாங்கம்மா" என்றார். நகைச்சுவையாம்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்று கருத்தரங்கு. என் முறை வந்ததும் சார் கட்டுரையைப் பிரித்தார். சிவப்பு மையில் ஓர் இடத்தைப் பெரிதாகச் சுழித்திருந்தார்.

"சுடர்க்கொடி, நாலாம் பக்கம். கதவுக்குப் பின்னால பை தொங்குது, உள்ள கைலி, கொசுவர்த்தின்னு எழுதியிருக்கீங்க. இந்தக் காட்சி படத்துல எங்கம்மா வருது?"

நான் யோசித்தேன். எங்கே வருகிறது? சூசையின் வீட்டை ஒரே ஒரு தடவைதான் காட்டுகிறார்கள். அதுவும் கூரை மட்டும்.

"வேற எதாவது படத்துல பாத்திருப்பா சார்" என்றாள் பெனிட்டா. சிரித்தார்கள்.

"நல்ல அவதானிப்புதான்" என்றார் சார். நிஜமாகவே சொன்னார். "ஆனா எங்கிருந்து வந்தது? நேர்ல பாத்ததா? பாத்ததுன்னா சொல்லுங்க, களத்தகவல்னு அடிக்குறிப்பு போட்டு வச்சுக்கலாம். கட்டுரைக்கு அதுதான் பலம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இல்ல சார். குழப்பிட்டேன். எடுத்துருதேன்."

ஸ்கேல் வைத்து அந்தப் பத்தியை அடித்தேன். ஆய்வு என்றால் ஒழுங்கு வேண்டும். படத்தில் இல்லாததைப் படத்தில் இருப்பதாக எழுதுவது தவறு. அதற்காகத்தான் அடித்தேன்.

அதோடு விடவில்லை அந்த மனிதர். "சூசைக்கு முத்திரை குத்தினது யாரு?" என்றார். கணக்கப்பிள்ளை, போலீஸ், ஊர் என்றேன். "வீட்டுல உள்ளவங்க?" என்றார். வீட்டில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்றேன். "அப்படி உறுதியாச் சொல்ல முடியுமாம்மா? வெளிய நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு வீட்டுக்காரங்களும்..." என்று இழுத்தார். முடியும் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஏசி அறையில் உட்கார்ந்து குடும்பங்களைப் பற்றிப் பேசுவது சுலபம். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று இவருக்கு என்ன தெரியும்?

வெளியே வந்ததும் பெனிட்டா, அவள் மாமாவும் துபாய்க்குப் போகிறாராம், அண்ணன் நம்பர் கொடு என்றாள். நம்பர் மாற்றிவிட்டான் என்றேன். என்ன பெண் இவள், எப்போது பார்த்தாலும் நச்சரிப்பு!

பிப்ரவரி 26, புதன்

சான்று இன்னும் வராததால் இன்று மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அம்மா கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். நான் அவளிடம், "அங்க வந்து வாயத் தொறக்காத, எல்லாத்தையும் நான் பேசிக்கிடுதேன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். முத்திரை, கோர்ட்டுத் தீர்ப்பு, சொல்லின் பொருள் மாற்றம் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

இன்ஸ்பெக்டர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் அண்ணன் தாள் இருந்தது. நான் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் தாண்டவில்லை, கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வகுப்பெல்லாம் காலேஜ்ல எடு. பெத்த தாய் சொன்னத நான் எப்படி மாத்த முடியும்?"

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "என்னடா கேடி? ஸ்கூல் விட்டாச்சா? தங்கச்சி டிபன் பாக்ஸையும் நீயே காலி பண்ணிட்டியாம்ல? ஆமாடா, அம்மா சொல்லிட்டா. அப்பா வந்து வச்சுக்கிடுதேன் ஒன்னைய."

சிரித்துக்கொண்டே போனை வைத்தார். அதுவரை வாயைத் திறக்காத அம்மா அவரோடு சேர்ந்து சிரித்துவிட்டாள்.

"உங்க பையனா சார்? எத்தனாப்பு படிக்கான்? எங்க லிங்கமும் இப்படித்தான் சார், இவ பங்கையும் சேத்துத் தின்னுருவான்."

அம்மா சத்தியமாக வாதாடவில்லை. அவளுக்கு அவ்வளவு சூட்சுமம் கிடையாது. பிள்ளை பெற்ற ஒருத்தி இன்னொரு பிள்ளை பெற்றவரிடம் பேசினாள், அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தினார். காது சிவந்தது. தாளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கடைசியாக அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வழக்கம்போல் கைகட்டி நின்றான். அந்த அறையில் எங்கே நிற்க வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"போங்க. வெள்ளிக்கிழம வந்து வாங்கிக்கிடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்தேன். ஒன்பது நாளுக்குப் பிறகு. "எனக்கு ஒரு சோடா வாங்கித் தா" என்றாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

சான்று கிடைத்துவிட்டது! அண்ணன் நேராகக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் பாஸுக்குக் கொடுத்துவிட்டான். நகல் ஒன்று வீட்டுக்குக் கொண்டுவந்தான். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள், கேசரி கிண்டினாள், இடது வீடு, வலது வீடு, எதிர் வீடு என்று கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் சாவகாசமாக எடுத்துப் படித்தேன். கேடி என்ற சொல் இல்லை. வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று இருந்தது. ஆட்சேபம் இல்லை என்று இருந்தது. அதற்கு முந்தின வரி இது:

"மேற்படி நபர் தற்போது திருந்தி வாழ்ந்து வருகிறார்."

திருந்தி.

மூன்று தடவை படித்தேன். எதிலிருந்து திருந்தினான்? புரோட்டா வாங்கியதிலிருந்தா? வடை எடுத்ததிலிருந்தா? இந்த ஒரு சொல்லைப் போட்டதும், அவன் செய்யாத அத்தனையையும் செய்ததாக ஆகிவிட்டதே! அந்தக் கேடியாவது பரவாயில்லை, அதைச் செல்லம் என்று சொல்லித் தப்பலாம். இதை என்ன சொல்வது? இதைச் சாமி முன்னால் வைத்திருக்கிறோம். இதற்குக் கேசரி கிண்டியிருக்கிறோம்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நல்லதாத்தான எழுதியிருக்காவ?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேசரித் தட்டைத் தள்ளிவிட்டேன். முந்திரிப்பருப்பு கட்டிலுக்கடியில் ஓடிற்று. நானே குனிந்து பொறுக்கினேன்.

மார்ச் 3, திங்கள்

விடிந்ததும் அண்ணன் கிளம்பினான். கழுத்தில் பச்சைப் பட்டையில் பாஸ், அதில் அவன் படம், லிங்கதுரை என்று பெயர். அம்மா திருநீறு பூசிவிட்டாள். நான் வாசல்வரை போனேன். பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அந்தச் சான்றுல திருந்தின்னு எழுதியிருக்கான். பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா வாங்கிட்டு வந்த? மாத்தி எழுதுங்கன்னு கேக்க மாட்டியா? நீ என்னத்தச் செஞ்ச, திருந்துததுக்கு?"

அண்ணன் ஷூவின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். இதற்காகவே வாங்கிய ஷூ. எழுந்து நின்று காலை ஒரு தடவை தரையில் தட்டிப் பார்த்தான்.

"அதத்தாம்ட்டி நானும் யோசிக்கேன்" என்றான். "அந்தத் தாளு கம்பெனி ஃபைல்லதான இருக்கும்? கூட வேல பாக்கவன் எவனாவது படிச்சிட்டு, முன்னால என்னல பண்ணிட்டுத் திரிஞ்சன்னு கேப்பான். ஒண்ணுமே பண்ணலன்னா நம்புவானா? நீ படிச்ச பிள்ளதான. நல்லதா ஒரு குத்தம் யோசிச்சு வையி. ரொம்பப் பெருசா வேண்டாம். சாயங்காலம் வந்து கேட்டுக்கிடுதேன்."